உயிரணுவுக்குள் ஒரு புளிப்புப் பை

பால் கொட்டகையில் நடக்கிற வேலை உங்களில் பலருக்குக் கைவந்தது. மங்கு மங்காகச் சேர்த்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அளவு பார்த்து ஆசிட் விட்டுக் கலக்கி வைத்தால், சில மணி நேரத்தில் அது உறைந்து வெள்ளைப் பாளமாகிவிடும். ஆசிட் குறைந்தால் பால் சரியாக உறையாது. கூடினால் ஷீட்டின் தரம் கெடும். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பாலுக்கு எத்தனை ஆசிட் என்பதை இப்போதும் சொல்வார்கள்.

ரப்பர் பாலை உறைய வைக்கத் தேவையான அந்தப் புளிப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு புளிப்பு நம் உடம்பிலும் கோடானுகோடி இடங்களில் இருக்கிறது. நான் வயிற்றைச் சொல்லவில்லை. வயிற்றில் இருப்பது இதைவிடக் கடுமையானது. நான் சொல்வது ஈரலில், மூளையில், எலும்பில், இரத்தத்தில் உள்ள உயிரணுக்களுக்குள்ளே இருக்கும் மிகச் சிறிய பைகளை. உயிரணுவே கண்ணுக்குத் தெரியாதது. அதற்குள் ஒரு பை என்றால் எவ்வளவு சிறியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பைக்குள் புளிப்பு இருப்பதை மனிதன் எப்படிக் கண்டான், அந்தப் புளிப்பு நிலை தவறினால் என்ன நோய் வருகிறது, நம் தோட்டங்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன குளிர்காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் இன்றைய பேச்சு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு லிட்மஸ் தாள் தெரியும். நீலத் தாளை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தால் சிவப்பாகும். இந்தச் சாதாரண நீலச் சாயம்தான் நம் கதையில் முதல் சாட்சி.

ரஷ்யப் பேரரசில் பிறந்த இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியல் அறிஞர், 1882-ஆம் ஆண்டு இத்தாலியில் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியே உட்கார்ந்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பறித்த ரோஜா முள்ளை அவற்றின் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்க வந்த காவற்படை அது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கிச் செரிக்கின்றன என்ற உண்மை இப்படித்தான் வெளியே வந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விழுங்கிய பொருள் உள்ளே என்ன ஆகிறது? அதையும் அவர் விடவில்லை. நுண்ணிய உயிர்களுக்கு லிட்மஸ் துகள்களைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். நீலமாகப் போன துகள் உள்ளே ஒரு குமிழியில் சிக்கிச் சிவப்பாக மாறியது. அணுவின் மற்றப் பகுதி புளிப்பாக இல்லை. அந்தக் குமிழி மட்டும் புளிப்பாக இருந்தது. செரிமானம் நடக்கிற இடம் புளித்த இடம் என்று 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் செய்தி புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. புளிப்பை நாக்கால் சொல்லாமல் எண்ணால் சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்தது. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் 1909-இல் இதைக் கொடுத்தார். பி.எச். என்று சொல்கிறோமே, அதுதான். 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு. ஒவ்வொரு எண் குறையும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் இரத்தம் 7.4. உயிரணுவின் பொதுவான உட்பகுதி 7.2 அளவில் இருக்கும். நான் சொன்ன சிறு பைகளிலோ 4.5 முதல் 5 வரை. மெல்லிய ஒரு தோலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய 300 மடங்கு வித்தியாசம்!

அந்தப் பைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவர் பெல்ஜியம் நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்தியான் டி டூவ். அவர் தேடிப் போனது இதையல்ல. நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுக்கும் இன்சுலின் ஈரலில் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பி, 1949-இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் எலியின் ஈரலை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் ஒரு நொதியை ஒப்பீட்டுக்காக அளந்தார். நொதி என்பது உடம்பில் ஒரு பொருளை வெட்டவோ ஒட்டவோ உதவும் புரதம். அந்த நொதி எவ்வளவு இருக்க வேண்டுமோ அதில் சிறு பங்குதான் அன்று கணக்கில் வந்தது. கணக்குத் தப்பு என்று தூக்கி எறியாமல், மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து எடுத்து மறுபடி அளந்தால், நொதி முழுதாக இருக்கிறது!

வைத்த பொருள் ஐந்து நாளில் தானே பெருகுமா? பெருகாது. அப்படியானால் முதல் நாளும் அது முழுதாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் எதற்குள்ளேயோ பூட்டிக் கிடந்திருக்கிறது. நாளாக நாளாகத் தோல் கிழிந்து வெளியே வந்திருக்கிறது. இந்த முடிவுக்கு வந்தார் டி டூவ். மேலும் தேடியபோது அதே பூட்டுக்குள் இன்னும் பல நொதிகள் இருந்தன. எல்லாமே எதையாவது வெட்டிச் செரிக்கிறவை. எல்லாமே புளித்த இடத்தில்தான் நன்றாக வேலை செய்பவை. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'கரைக்கும் உடல்' என்று பொருள். 1974-இல் அவருக்கும், அவரைப் போலவே உயிரணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்த இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்சுலினைத் தேடிப் போனவருக்கு இப்படி ஒன்று கிடைத்தது.

ஏன் புளிப்பாக இருக்க வேண்டும்? இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. லைசோசோமில் உள்ள நொதிகள் உயிரணுவையே தின்றுவிடக் கூடியவை. ஆனால் அவை புளிப்பில்தான் வெட்டும். பை எங்காவது கொஞ்சம் கசிந்தாலும், வெளியே புளிப்பு இல்லாததால் அவற்றின் வேகம் அடங்கிவிடுகிறது.

இனி நோய்க்கு வருவோம். 1932-இல் ஹாலந்து நாட்டில் போம்ப் என்ற மருத்துவர், ஏழு மாதத்தில் இறந்துபோன ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுதி வைத்தார். குழந்தையின் இதயம் பெரிதாக வீங்கியிருந்தது. தசைகளில் சர்க்கரை வகைப் பொருள் மலை போலக் குவிந்திருந்தது. காரணம் தெரியவில்லை. போம்ப் பின்னர் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்து, போர் முடிவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, 1945 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச் சென்ற கேள்விக்கு விடை 1963-இல் கிடைத்தது. டி டூவின் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய ஹெர்ஸ் என்பவர், அத்தகைய குழந்தைகளின் லைசோசோமில் ஒரே ஒரு நொதி இல்லை என்று காட்டினார். பை இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, அந்தச் சர்க்கரையை வெட்டும் கத்தி மட்டும் இல்லை. வெட்டப்படாத பொருள் நாளுக்கு நாள் சேர்ந்து தசையை நெரிக்கிறது. இப்படி லைசோசோம் கோளாறால் வரும் நோய்கள் இன்று ஐம்பதுக்கு மேல் தெரியும். போம்ப் நோய்க்கு இல்லாத நொதியை ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்து 2006-இல் வந்தது. பெயர் தெரியாமல் இறந்த குழந்தைகள் எல்லா நாட்டிலும் இருந்திருப்பார்கள். 'தோஷம்' என்றோ 'திருஷ்டி' என்றோ சொல்லித் தாயைக் குற்றம் சொன்ன வீடுகளும் இருந்திருக்கும். அது தாயின் குற்றம் அல்ல.

பைக்குள் புளிப்பு எப்படி வருகிறது, எப்படி அளவோடு நிற்கிறது? தோட்டத்தில் மேட்டின் மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? கீழே இருந்து பம்பு தண்ணீரை ஏற்றுகிறது. தொட்டியில் கொஞ்சம் கசிவும் இருக்கும். ஏறுவதும் கசிவதும் சமமாகிற இடத்தில் தண்ணீர் மட்டம் நிற்கும். லைசோசோமின் தோலிலும் இப்படியே பம்புகள் இருக்கின்றன. ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து, புளிப்புக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளுகின்றன. கூடவே குளோரைடு போன்றவை போய்வர வாசல்கள் உண்டு; இல்லாவிட்டால் மின்னேற்றம் சேர்ந்து பம்பு நின்றுவிடும். ஒவ்வொரு பைக்கும் ஒவ்வோர் அளவு. வெளியிலிருந்து சரக்கு ஏற்றி வரும் பைகள் 6 அளவில் இலேசான புளிப்பு. செரிக்கும் லைசோசோம் வரும்போது 5-க்கும் கீழே. உயிருள்ள அணுவுக்குள் இதை நேரடியாக அளந்து காட்டியவர்கள் நியூயார்க்கில் ஒக்குமா, பூல் என்ற இருவர், ஆண்டு 1978. புளிப்புக்கு ஏற்றபடி ஒளி மாறும் சாயத்தை அணுக்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். மெச்னிகோவின் லிட்மஸ் வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'உடம்பின் புளிப்பைப் போக்கும் தண்ணீர்' என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். குடிக்கும் தண்ணீர் இந்தப் பைகளின் அளவை மாற்றிவிடாது. மாற்றினால் அது நல்லதும் அல்ல.

நம் பால்மரத்துக்கும் இந்தப் பம்புக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். ரப்பர் பால் என்பது வெறும் சாறு அல்ல. மரத்தின் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கும் சரக்கே வெட்டுக்காயத்தின் வழியாக ஓடி வருகிறது. 1948-இல் டச்சு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாலில் ரப்பர் துகள் அல்லாத சிறு பைகளைக் கண்டு 'லூட்டாயிட்' என்று பெயரிட்டார்கள். 1953-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் குக், சேகர் என்ற இருவர் பாலை மிக வேகமாகச் சுழற்றிப் பல அடுக்குகளாகப் பிரித்து எழுதினார்கள். இந்தச் சேகர்தான் சுங்கை பூலோவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, 1966-இல் அதே கழகத்தின் இயக்குநராக உயர்ந்த டாக்டர் பி.சி. சேகர். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சுழற்றிய பாலின் அடியில் தங்கும் லூட்டாயிட் பைகள் மரத்தின் லைசோசோம் போன்றவை. உள்ளே புளிப்பு 5.5 அளவு, வெளியே 7-க்கு அருகில். உளி பட்டதும் பால் பாய்கிறது. சிறிது நேரத்தில் பைகள் சில உடைகின்றன. உள்ளே இருந்த புளிப்பும் புரதங்களும் வெளியே கொட்ட, ரப்பர் துகள்கள் அங்கேயே திரண்டு குழாயின் வாயை அடைக்கின்றன. பால் ஓட்டம் நிற்கிறது. 1960-களில் மலாயா ஆராய்ச்சிக் கழகத்தில் சதர்ன் என்பவர் இதை விளக்கினார். அதாவது கொட்டகையில் நாம் ஆசிட் விட்டுச் செய்ததை, மரம் தன் காயத்தை மூட முன்பே செய்துகொண்டிருந்தது. 1970-களில் பிரெஞ்சு அறிஞர் டோசாக் இந்தப் பைத் தோலில் ஏ.டி.பி.யால் ஓடும் பம்பு இருப்பதைக் காட்டினார். இத்தகைய பம்புகளை முதன்முதலில் தெரிந்துகொண்ட இடங்களில் பால்மரமும் ஒன்று.

மனிதனில் அதே வகைப் பம்பு பழுதானால்? எலும்பு நிலையான பொருள் போலத் தோன்றினாலும், பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலை எப்போதும் நடக்கிறது. கரைக்கும் அணுக்கள் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு பம்பினால் புளிப்பை ஊற்றுகின்றன. பிறவியிலேயே அந்தப் பம்பில் குறை இருந்தால் எலும்பு கரைவதே இல்லை. சலவைக்கல் போல இறுகி, இரத்தம் ஊறும் மச்சைக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. 1904-இல் ஜெர்மனியில் எழுதி வைக்கப்பட்ட சலவைக்கல் எலும்பு நோயின் கடுமையான வகையில், பம்பின் ஒரு பகுதிதான் பழுது என்பது 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. குழந்தைக்குப் பிறருடைய எலும்பு மச்சையை மாற்றி வைத்துச் சிலரைக் காப்பாற்ற முடிகிறது.

குளிர்காய்ச்சலுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்துத் தோட்டம் போட்ட இடங்களில் மலேரியா கொன்ற கொலைக்கு அளவில்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள், வந்த முதல் ஆண்டிலேயே மண்ணுக்குள் போனார்கள். பத்தில் ஒருவருக்கு மேல் ஓராண்டில் இறந்த தோட்டங்கள் உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடிய வைத்தும் ஓடைகளைச் சீர்செய்தும் கொசுவை ஒடுக்கிக் காட்டினார். அத்துடன் கொய்னாவும் கொடுக்கப்பட்டது. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கசப்பைத் துப்பிவிடாதபடி கண்முன்னே விழுங்க வைத்த தோட்டங்கள் இருந்தன. கொய்னாவை மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தது 1820-இல். ஆனால் அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று கொடுத்த டிரசருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

1934-இல் ஜெர்மனியில் ஆன்டர்சாக் என்பவர் குளோரோகுயின் என்ற மருந்தைத் தயாரித்தார். நச்சு அதிகம் என்று தவறாக எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்து உலகமெங்கும் பரவியது. மலிவான மாத்திரை, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. இதன் இரகசியம் ஒரு புளிப்புப் பையில் இருந்தது.

மலேரியாக் கிருமி நம் சிவப்பு இரத்த அணுவுக்குள் குடியேறி அங்குள்ள இரத்தச் சிவப்புப் பொருளைத் தின்கிறது. தின்பதற்கு அதனிடம் ஓர் உணவுப் பை இருக்கிறது. அதுவும் பம்பினால் புளிப்பாக்கப்பட்டது. தின்று முடித்தபின் இரும்புச் சத்துள்ள ஒரு கழிவு மிஞ்சும். அது கிருமிக்கே நஞ்சு. கிருமி கெட்டிக்காரத்தனமாக அந்தக் கழிவை அடுக்கி அடுக்கிப் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் காரத்தன்மை உள்ள மருந்து. புளிப்பில்லாத இடத்தில் தோலைத் தாண்டி எளிதாகப் போய்வரும். புளித்த பைக்குள் புகுந்ததும் ஹைட்ரஜன் அயனி அதில் ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் வெளியே வர முடியாது. பொறியில் விழுந்த எலி போலத்தான். இப்படியே சேர்ந்து சேர்ந்து, வெளியே உள்ளதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் உள்ளே குவிகிறது. கிருமியின் புளிப்பே அதற்கு எமனாகிறது.

குவிந்த மருந்து என்ன செய்கிறது? 1972-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், பையின் புளிப்பை அது குறைத்துவிடுவதால் கிருமிக்குச் செரிக்காமல் போகிறது என்று கருதினார்கள். பிந்திய ஆராய்ச்சிகள் வேறு முடிவுக்குக் கொண்டுவந்தன: மருந்து கழிவுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு, அது படிகமாவதைத் தடுக்கிறது. தன் கழிவாலேயே கிருமி சாகிறது.

ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1950-களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் தென்னமெரிக்காவிலும் மருந்துக்கு அடங்காத மலேரியா தலைகாட்டியது. 1960-களின் தொடக்கத்தில் மலாயாவிலும் அது தெரிந்தது. பின்னர் ஆப்பிரிக்காவுக்குப் பரவி எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றது. என்ன மாறியது என்பது 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. உணவுப் பையின் தோலில் உள்ள ஒரு புரதத்தில் சிறு மாற்றம். அது பொறியில் விழுந்த மருந்தை வெளியே தூக்கிப் போட ஒரு வாசல் திறந்துவிட்டது. பிறகு சீனத்தில் து யூயூ குழுவினர் 1970-களில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்த ஆர்ட்டெமிசினின் வந்து கைகொடுத்தது.

2020-இல் கொரோனா வந்தபோது இந்தப் பழைய மருந்தின் பெயர் திடீரென்று எல்லார் வாயிலும் அடிபட்டது. அதற்கும் புளிப்புப் பைதான் காரணம். பல வைரஸ்கள் அணுவின் புளித்த பை வழியாகவே உள்ளே நுழைகின்றன; புளிப்பைக் குறைத்தால் நுழைவைத் தடுக்கலாம் என்பது எண்ணம். குரங்கின் சிறுநீரக அணுக்களில் செய்த சோதனையில் பலித்தது. மனித நுரையீரல் அணுவிலோ அந்த வைரஸ் நுழைய வேறு கதவும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு, பயனில்லை என்று அறிவித்தது. கேள்விப்பட்டதை நம்பி மருந்துக் கடையில் தேடி அலைந்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள்.

சிங்கப்பூர் 1982-இல் மலேரியா இல்லாத நாடென அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் இல்லாமல் போயிற்று. ஆனால் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி என்ற வகை இன்னும் இருக்கிறது, உயிரையும் வாங்குகிறது. காட்டோரத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லி இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சோதனையில் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்பெருக்கியில் பார்ப்பார்கள். கிருமி வளர வளர அதற்குள்ளே பழுப்புக் கருமையில் சிறு துகள்கள் தெரியும். 1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர், காய்ச்சல் கண்ட ஒரு சிப்பாயின் இரத்தத்தில் இந்தத் துகள்கள் உயிருள்ள ஒன்றுக்குள் துள்ளுவதைப் பார்த்துத்தான் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பார்த்த கறுப்புத் துகள், கிருமி தன் புளிப்புப் பைக்குள் அடுக்கி வைத்த அதே கழிவுப் படிகம்தான்.